வெயிலில் காய்ந்த மெத்தையில் மூட்டைப்பூச்சி ஏன் சாகவில்லை?

வன்னியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கிற நாட்களில் முற்றத்து மணலில் வெறுங்காலோடு பத்தடி வைக்க முடியாது, தகரக் கொட்டிலுக்குள் மத்தியானம் நாய்கூடப் படுக்காது. அப்படிப்பட்ட வெயிலில்தான் எங்கள் வீட்டு இலவம்பஞ்சு மெத்தையை மூன்று நாள், காலை எட்டு மணிக்குப் போட்டுப் பின்னேரம் நாலு மணிக்கு எடுத்தோம். தடியால் அடித்தோம், உதறினோம். நாலாம் நாள் இரவு வழக்கம்போல முதுகில் வரிசையாக நாலு தடிப்பு.

பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னா: "உதென்ன மோனை, மெத்தையைக் கருவாடு மாதிரிக் காயப் போட்டிருக்கிறாய்? நாங்கள் அந்தக் காலத்தில கட்டிலுக்குச் சுடுதண்ணியெல்லோ ஊத்துறனாங்கள்." நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு உட்கார்ந்து தேடி வாசித்தபோதுதான் புரிந்தது, ஆச்சி சொன்னதும் நான் செய்ததும் ஒரே வைத்தியம்தான், இரண்டுமே சூடுதான், ஆனால் ஆச்சியின் சூடு மூட்டை இருக்கிற இடத்துக்குப் போகிறது, என் சூடு போகவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டுக்கு மூட்டை வந்த கதை புதுமையானதல்ல. மருமகன் கொழும்பில் ஒரு போர்டிங்கில் நின்று படித்தவன், லீவுக்கு இரவு பஸ்ஸில் வந்து பையை என் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுத்தான். பையின் தையலோரத்தில் கருவுற்ற ஒரு பெண் மூட்டை இருந்தாலே போதும். ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து ஐந்து முட்டைவரை இடும், ஆயுளில் நூற்றுக்கணக்கில். முட்டை ஒரு மில்லிமீற்றர் நீளம், வெள்ளை, பலகை வெடிப்பில் பசை போட்டதுபோல ஒட்டியிருக்கும். நம்முடைய சூட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிழமையில், கூடிப்போனால் பத்து நாளில் பொரிக்கும். குஞ்சு ஐந்து தரம் தோல் கழற்றி வளரும், ஒவ்வொரு தரமும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு வயிறு இரத்தம் வேண்டும். பெரிதானதும் ஐந்து மில்லிமீற்றர், ஆப்பிள் விதை மாதிரி. ஆகவே மூட்டை வருவதற்கும் வீட்டின் துப்புரவுக்கும் சம்பந்தமில்லை, யாரும் வெட்கப்படத் தேவையில்லை. ஆடைத் தொழிற்சாலை விடுதி, பஸ் சீற், பழைய செற்றி, கலியாண வீட்டுக்கு இரவல் வாங்கிய பாய், எதிலிருந்தும் வரும். நோய் பரப்புமா என்றும் கேட்கிறார்கள். எயிட்ஸ், மஞ்சட்காமாலை எல்லாம் மூட்டைக்கடியால் தொற்றுவதில்லை. நித்திரைதான் போகும், சிலருக்குச் சொறிந்து சொறிந்து புண்ணாகும்.

முதலில் எல்லாரையும் போல மருந்துதான் அடித்தோம். கடையில் விற்கிற நுளம்பு ஸ்பிரே இரண்டு ரின் முடிந்தது. பட்டவுடன் சில ஓடின, சில மல்லாந்தன, மல்லாந்ததில் பாதி விடியும்போது எழும்பிப் போய்விட்டன. இதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது, அது வன்னிக்கு நன்றாகத் தெரிந்த வரலாறு. மலேரியாக் காலத்தில் வீடுவீடாகச் சுவருக்கு மருந்தடித்தது மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். 1940களின் பிற்பகுதியில் டிடிடி வந்தது, 1970களின் நடுப்பகுதியிலிருந்து மலத்தியன் வந்தது. 2016 செப்ரெம்பரில் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, அந்த மருந்தடிப்புக்கு அதில் பெரிய பங்குண்டு. ஆனால் நுளம்புக்கு அடித்த மருந்து அதே சுவர் வெடிப்பில் இருந்த மூட்டையிலும் வருடக்கணக்காகப் பட்டது. செத்தவை செத்தன, தாங்கியவை பெருகின. டிடிடிக்குச் சாகாத மூட்டைகளை ஹவாய்த் தீவின் பேர்ள் துறைமுகத்தில் 1947இலேயே கண்டுவிட்டார்கள். நம் நாட்டு மூட்டைகளைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2007இல் எழுதியதிலும் டிடிடி, மலத்தியன் போன்ற பழைய மருந்துகளுக்கு அவை எதிர்ப்புக் காட்டுவது பதிவாகியிருக்கிறது. இப்போதைய ஸ்பிரேகளில் இருக்கும் பைரித்ரொயிட் வகை மருந்தும் டிடிடி தாக்குகிற அதே நரம்புக் கதவைத்தான் தாக்குகிறது, அதனால் ஒன்றுக்குப் பழகிய பூச்சி மற்றதற்கும் பாதி பழகியதுபோலத்தான். போதாததற்குத் தடித்த தோல், உள்ளே போன நஞ்சை உடைக்கிற நொதிகள்.

சூட்டுக்கு இப்படிப் பழகிக்கொள்வது லேசான காரியமில்லை. ஒரு அளவுக்கு மேல் சூடேறினால் உடம்பிலிருக்கும் புரதம் முட்டை அவிவதுபோல உருக்குலையும், அதற்குப் பிறகு எந்தப் பூச்சியும் எழும்பாது. கேள்வி எல்லாம் எத்தனை பாகை, எவ்வளவு நேரம் என்பதுதான்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் இதை ஒழுங்காக அளந்து 2011இல் வெளியிட்டார்கள். வளர்ந்த மூட்டை 45 பாகை செல்சியஸில் சாகும், ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சாக ஏறக்குறைய 95 நிமிடம் வேண்டும். முட்டையோ அதே 45 பாகையில் ஏழு மணி நேரம் வைத்தும் தப்பியது. 48 பாகைக்கு ஏற்றினால் முட்டைக்கு ஏறக்குறைய 72 நிமிடம் போதும். காத்திருக்கவே நேரமில்லை, சூடு தொட்டவுடன் சாகவேண்டும் என்றால் வளர்ந்த பூச்சிக்கு 48 பாகைக்குக் கொஞ்சம் மேலே, முட்டைக்கு 55 பாகை. இந்தக் கணக்கை ஒரு கடுதாசியில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைக்கலாம், மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம். ஒரு விஷயம் மட்டும்: அவர்கள் சோதித்தது குளிர்நாட்டு மூட்டையை. நம்மிடம் இருப்பது பெரும்பாலும் வெப்பநாட்டு இனம், சிமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்று பெயர். அதனால் நான் என் வீட்டுக்கு வைத்துக்கொண்ட அளவு 55 பாகை, ஒரு மணி நேரம். கூடினால் நட்டமில்லை.

சரி, வன்னி வெயிலில் 55 பாகை வராதா? வரும். தாராளமாக வரும். முற்றத்தில் கிடக்கிற தகரத்தில் மத்தியானம் கை வைத்தால் தெரியும், 60 பாகையைத் தாண்டும். பத்திரிகையில் வருகிற 35, 36 பாகை நிழலில் அளந்த காற்றின் சூடு, வெயிலில் கிடக்கிற பொருளின் சூடு அல்ல. கறுப்புப் பொருள் என்றால் இன்னும் ஏறும். அப்படியானால் மெத்தையில் மூட்டை ஏன் சாகவில்லை?

இதே கேள்விக்கு அவுஸ்திரேலியாவில் ஒரு பரிசோதனை செய்து 2006இல் எழுதியிருக்கிறார்கள். மெத்தையைக் கறுப்புப் பிளாஸ்ரிக்கால் சுற்றி வெயிலில் கிடத்தி உள்ளே பல இடங்களில் சூட்டை அளந்தார்கள். அன்றைய காற்று நம் சித்திரை மாதம் மாதிரித்தான், 36 பாகையை ஒட்டி. மெத்தையின் மேல்பக்கம் 80 பாகைக்கு மேல் போனது, அந்தச் சூட்டில் மூட்டை நிமிடத்தில் வறுபடும். கீழ்ப்பக்கம் வெளிக் காற்றின் சூட்டைத் தாண்டவே இல்லை. ஒரே மெத்தையில் ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் மாமர நிழல்!

இதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டிக்கு வாங்கிய டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வீட்டில் கிடந்தது, நீள வயரின் நுனியில் சின்ன உலோக மொட்டு இருக்குமே, அது. அதை மெத்தைக்கு மேலே துணிக்கு அடியில் செருகினேன், பன்னிரண்டரை மணிக்கு 61. கீழே செருகினேன், 37. குஞ்சு பொரிப்பதற்கு எவ்வளவு பொருத்தமான சூடோ அவ்வளவு! இலவம்பஞ்சு சூட்டைக் கடத்தாது, அதற்காகத்தானே அதில் படுக்கிறோம், மேலே ஏறிய சூடு கீழே இறங்க நாள் முழுக்கப் போதாது. ஸ்பொஞ் மெத்தையும் அப்படித்தான், தும்பு மெத்தை கொஞ்சம் பரவாயில்லை. அதோடு மூட்டை கல்லல்ல. சூடு மெல்ல ஏறினால் அது மெல்ல நடந்து அடுத்த பக்கம் போகும், அங்கே போய்ப் பின்னேரம்வரை இருக்கும். நான் மத்தியானம் மெத்தையைப் பிரட்டிப் போட்டபோதும் அது அதே மாதிரி மற்றப் பக்கம் நடந்திருக்கும். தடியால் அடித்ததில் சில மணலில் விழுந்திருக்கும், விழுந்ததில் சில வீட்டுக்கே திரும்பி நடந்திருக்கும்.

ஆகவே சூட்டு வைத்தியத்தில் பார்க்கவேண்டியது சூடு அதிகமான இடத்தை அல்ல, குறைந்த இடத்தை. பொருளின் மிகக் குளிர்ந்த மூலை எத்தனை பாகை, அது எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் நின்றது, அவ்வளவுதான் கணக்கு. வெளிநாடுகளில் வீடு முழுக்கச் சூடாக்குகிற கம்பனிகள் செய்வதும் அதுதான். இது புதிய யோசனையும் அல்ல, கனடாவில் 1916இலேயே வீட்டை அளவுக்கு மீறிச் சூடாக்கி மூட்டையை ஒழித்த முறையைப் பற்றிப் பூச்சியியல் இதழில் எழுதியிருக்கிறார்கள். இப்போது பெரிய மின் வெப்பமூட்டிகளைக் கொண்டுவந்து, விசிறிகளால் சூடான காற்றை மூலைமுடுக்கெல்லாம் சுழற்றி, அறைக் காற்றை 55, 60 பாகைக்கு ஏற்றி மணிக்கணக்காக வைத்திருப்பார்கள். அலுமாரிக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில், சுவர் மூலையில் எல்லாம் வெப்பமானி வைத்து, கடைசி மூலையும் ஏறிய பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்குவார்கள்.

நம் வீட்டில் அதைச் செய்யலாமா என்று மருமகன் கேட்டான், யூரியூப்பில் பார்த்துவிட்டு. வாய்ப்பில்லை. நம் வீடுகள் காற்று போவதற்காகக் கட்டினவை. சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் கை போகிற இடைவெளி, சீலிங் கிடையாது, ஜன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம், கதவுக்குக் கீழே இரண்டு அங்குலம். சூடான காற்று மேலே ஏறும், ஓட்டுக்குள்ளால் போய்விடும், நாம் ஆகாயத்தைச் சூடாக்கிக்கொண்டிருப்போம். சீமெந்து நிலமும் கல்லுச் சுவரும் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். கரண்டும் காணாது. வழமையான வீட்டு இணைப்பு 30 அம்பியர், அதாவது முழுக்க இழுத்தாலும் ஏழு கிலோவாற்றுக்குக் கீழே. அதை மணிக்கணக்காக இழுத்தால் வயர் முதலில் சூடேறும், மூட்டை அல்ல.

இந்த இடத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் சூடு என்றவுடன் சிலர் கரிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போவார்கள். பூட்டிய அறைக்குள் கரி எரிந்தால் வருகிற காபனோரொக்சைட்டு வாயு மணக்காது, ஆளைச் சத்தமில்லாமல் கொல்லும். காஸ் அடுப்பும் அப்படித்தான். கட்டில் வெடிப்பில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திப் பார்ப்பது, கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் தீப்பந்தம் காட்டுவது, இதற்கெல்லாம்தானே மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று நம் ஆட்கள் சொல்லிவைத்தார்கள். இன்னொன்று, அது சூடு அல்ல, ஆனால் வன்னியில் நெல் சேமிக்கிற வீடுகள் நிறைய, அதனால் சொல்கிறேன்: நெல் மூட்டைக்கு வைக்கிற அலுமினியம் பொஸ்பைட்டுக் குளிசையைப் படுக்கையறை மூட்டைக்கு வைக்கவே வைக்காதீர்கள். ஈரம் பட்டவுடன் அதிலிருந்து வருகிற பொஸ்பீன் வாயு சுவர் வெடிப்பால் பக்கத்து அறைக்கும் போகும். 2025 பெப்ரவரியில் கொழும்பில் ஒரு விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண்கள் இருவர் இறந்தார்கள், மூட்டைக்காக அங்கே ஒரு அறைக்குப் புகை மருந்து வைத்திருந்ததைச் செய்திகள் எழுதின. நெல் மூட்டை வேறு, இந்த மூட்டை வேறு. பெயர்தான் ஒன்று.

அப்போ என்ன செய்யலாம்? வீட்டைச் சூடாக்க முடியாது, வீட்டிலிருக்கிற சாமானை ஒவ்வொன்றாகச் சூடாக்கலாம். அதற்கான வழியெல்லாம் நம்மிடம் முன்னமே இருந்தது.

உடுப்பிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் லேசு. அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் வைத்த வெள்ளாவியை நினைத்துப் பாருங்கள், துணியை அடுக்கி அடியில் நீராவி விட்டு மணிக்கணக்காக அவிப்பார்கள். அதில் தப்புகிற மூட்டை முட்டை உலகத்தில் இல்லை. இன்றைக்கு வெள்ளாவி இல்லாவிட்டாலும் நெல் அவிக்கிற கிடாரம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, சாரம், துவாய், நுளம்பு வலை (நைலோன் வலை என்றால் கவனம், கொதிக்க வைக்காமல் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் ஊறவிடுங்கள்) எல்லாவற்றையும் முற்றத்து அடுப்பில் ஒரே நாளில் அவித்து எடுக்கலாம். பிரித்தானியாவில் 2010இல் செய்த ஒரு ஆய்வில் 60 பாகைத் தண்ணீரில் தோய்த்த உடுப்பில் முட்டை உட்பட எல்லாமே செத்தன. அதே ஆய்வில் பச்சைத் தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவிட்டும் பார்த்திருக்கிறார்கள், பூச்சிகள் செத்தன, முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. கிணற்றடியில் ஊறப்போட்டுத் தோய்த்துவிட்டோமே என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். உடுப்பை அறையிலிருந்து முற்றத்துக்குக் கொண்டுபோகும்போது வாய் கட்டிய பொலித்தீன் பையில் கொண்டுபோங்கள், அள்ளிக்கொண்டு போனால் வழிநெடுக விதைத்துக்கொண்டு போவீர்கள்.

அவிக்க முடியாத சாமான்களும் இருக்கின்றன. சாறி, பிள்ளைகளின் புத்தகப்பை, சப்பாத்து, தலையணை, மருமகனின் அந்தப் பை. இதற்குத்தான் வெயில் நல்லது, ஆனால் போடுகிற விதத்தில் போட்டால். கறுப்புக் குப்பைப் பையில் சாமானை ஒரு கை தடிப்புக்கு மேல் வராமல் பரப்பி, வாயை இறுக்கிக் கட்டுங்கள். அதை வெறும் நிலத்தில் போடாதீர்கள், மண் அடிப்பக்கத்துச் சூட்டை இழுத்துவிடும். இரண்டு கல்லின் மேல் தகரம் வைத்து, தகரத்துக்குக் கீழே பழைய ரெஜிபோம் துண்டோ வைக்கோலோ அடைத்து, அதற்கு மேல் பையை வைத்தால் அடிப்பக்கமும் சுடும். இன்னும் ஒரு படி மேலே போகலாம்: பையை மூடி, கொஞ்சம் இடைவெளி விட்டு, நாற்றுமேடைக்குப் போடுகிற கண்ணாடிப் பொலித்தீனை இழுத்துக் கட்டுங்கள். தோட்டக்காரருக்கு இதன் சூட்சுமம் தெரியும், வெயில் உள்ளே போகும், சூடு வெளியே வராது. மிளகாய் நாற்று மேடையை வெயிலில் வேகவைத்துக் கிருமி கொல்வதும் இப்படித்தான். வைகாசிக்குப் பிறகு சோளகம் வீசத் தொடங்கினால் இந்த மேல்மூடி இல்லாமல் சரிவராது, வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் காற்று பையின் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். எங்கள் வளவில் மூடி இல்லாத பை 49இல் நின்றது, மூடிய பை இரண்டு மணிக்கு நடுவில் 58 காட்டியது. நடுவில் என்பதுதான் முக்கியம், வெப்பமானியின் மொட்டை உடுப்புக் குவியலின் நட்டநடுவில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி இதற்கு உதவாது, அது 42, 43 பாகையோடு முடிந்துவிடும். பைக்குள் லைற்றர், சென்ற் போத்தல், பற்றரி, மருந்துக் குளிசை, போட்டோ அல்பம் ஏதும் இருக்கிறதா என்று முதலில் துழாவிப் பாருங்கள்.

வாடைக்காலத்தில், மழை மூடியிருக்கிற ஐப்பசி கார்த்திகையில், இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். அப்போது கிடாரம்தான்.

இனிக் கட்டில். மூட்டையில் பெரும்பங்கு மெத்தைக்குள் இல்லை, கட்டிலின் மூட்டுகளில்தான் இருக்கிறது, சட்டமும் காலும் சேருகிற துளையில், ஆணித் தலைக்கு அடியில், குறுக்குப் பலகை உட்காருகிற பள்ளத்தில். கரும்புள்ளிகளாக மை தெறித்ததுபோல இருக்கும், அது அதன் எச்சம், அந்தப் புள்ளி இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் வீடு. இங்கேதான் ஆச்சியின் சுடுதண்ணீர் வருகிறது. கட்டிலைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள், பூட்டியபடி ஊற்றினால் மூட்டுக்குள் தண்ணீர் போகாது. தண்ணீர் கொதிக்கிற அடுப்பும் முற்றத்திலேயே இருக்கட்டும், குசினியிலிருந்து வாளியில் கொண்டுவந்தால் வருகிற வழியில் ஆறிவிடும், வழியில் பிள்ளைகளும் நிற்கும். மூக்குள்ள கேத்திலால் மெல்லிய தாரையாக, ஒவ்வொரு துளைக்கும், ஒரு தரம் ஊற்றிவிட்டு விடாமல் மூன்று நாலு தரம். மரம் சூட்டைக் கடத்தாது, முதல் கேத்தில் மேற்பரப்பைத்தான் சுடும், அடுத்தடுத்து ஊற்றினால்தான் ஆழத்திலிருக்கும் முட்டைக்கு 55 பாகை போய்ச்சேரும். நாங்கள் ஒரு பாலை மரக் கட்டிலுக்கு ஒன்பது கேத்தில் ஊற்றினோம். வெளியே வந்து விழுந்தவற்றை எண்ணத் தொடங்கி அறுபதோடு நிறுத்திவிட்டேன், அருவருப்பில். பொலிஷ் கொஞ்சம் வெளிறியது, போகட்டும். ஒட்டுப்பலகையில் செய்த கட்டிலுக்கு மட்டும் இது வேண்டாம், ஊதி உப்பிவிடும்.

இரும்புக் கட்டிலுக்கு வன்னி வெயிலே போதும். இரும்பு சூட்டைக் கடத்தும், குளிர்ந்த பக்கம் என்று ஒன்று அதில் நிற்காது, தகரத்தின் மேல் கிடத்தி மத்தியானம் ஒரு தரம் பிரட்டிவிட்டால் முழுக்கச் சுடும். குழாயின் திறந்த நுனிகளுக்குள் மட்டும் கேத்திலைக் காட்டுங்கள். மூட்டை அந்தக் குழாய்க்குள்தான் குடும்பமாக இருக்கும்.

மெத்தைதான் கடைசித் தலையிடி. நல்ல செய்தி என்னவென்றால் மூட்டை பஞ்சுக்குள் ஆழமாகப் போவது குறைவு, தையலோரத்திலும் கிழிசலிலும் பொத்தான் பள்ளத்திலும்தான் இருக்கும். ஆகவே மெத்தை முழுவதையும் சூடாக்கத் தேவையில்லை, ஓரத்தைச் சூடாக்கினால் போதும். உடுப்பு மடிப்பெடுக்கிற நீராவிக் கருவி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கலாம். வாயைத் தையலோடு தொட்டுப் பிடித்து, மிக மெல்ல, ஒரு அடி நீளத்துக்குப் பத்து விநாடியாவது எடுத்து நகர்த்துங்கள். நீராவி போன உடனே அந்த இடத்தில் வெப்பமானியை வைத்தால் 70, 80 பாகை காட்டவேண்டும். வேகமாக ஊதுகிற வாய் என்றால் ஒரு துணியைச் சுற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மூட்டையைக் கொல்லாமல் அடுத்த மூலைக்கு ஊதி அனுப்புவீர்கள், தலைமயிர் காயவைக்கிற கருவியில் உள்ள குறையும் இதுதான். பிறகு மெத்தை ஈரம் போக வெயிலில் நிற்கட்டும், படுக்கவிடாமல் நிமிர்த்தி. முடிந்தால் சிப் வைத்த உறை ஒன்று தைத்து மூடிவிடுங்கள், உள்ளே தப்பியது இருந்தாலும் வெளியே வராது, வெளியே இருப்பது உள்ளே போகாது. கந்தலான பழைய மெத்தை என்றால் நான் எரித்துவிடச் சொல்வேன். ரோட்டோரத்தில் போடாதீர்கள், யாரோ ஒரு ஏழை எடுத்துக்கொண்டு போவான். பனையோலைப் பாயும் பன்பாயும் மெல்லியவை, தகரத்தில் விரித்து இரண்டு பக்கமும் வெயில் காட்டினால் வேலை முடிந்தது.

சூட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. ஆறினால் முடிந்தது, மருந்து மாதிரிப் பின்னால் நின்று காவல் காக்காது. இன்றைக்குக் கட்டிலை அவித்துவிட்டு, பக்கத்து அறைக் கதிரையை விட்டுவிட்டால் நாளைக்கு அங்கிருந்து நடந்து வரும். அதனால் ஒரே நாளில் எல்லா அறையும் செய்யவேண்டும், இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் காலையிலிருந்து பின்னேரத்துக்குள் முடியும். கட்டிலைத் திரும்பப் போடும்போது சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போட்டு, விரிப்பு நிலத்தில் தொங்காமல் மடித்துவிட்டு, நாலு காலையும் நாலு பாத்திரத்தில் வையுங்கள். பழைய ஆட்கள் சிரட்டையில் தண்ணீர் வைத்தார்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் வழுக்குகிற வெறும் பிளாஸ்ரிக் கிண்ணமே போதும் என்பார்கள், அது குளிர்நாட்டு மூட்டைக்கு. நம் நாட்டு இனத்தின் கால் நுனியில் பிடிமயிர் அதிகம், வழுவழுப்பான சுவரிலும் ஏறிவிடும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கிண்ணத்துக்குள் தண்ணீரும் அதில் ஒரு துளி சவர்க்காரமும் இருக்கவேண்டும். அந்தக் கிண்ணம்தான் உங்கள் கணக்குப்பிள்ளை, வீட்டில் இன்னும் மூட்டை இருக்கிறதா இல்லையா என்று காலையில் அது சொல்லும்.

எங்கள் கிண்ணத்தில் முதல் நாலு நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் காலை இரண்டு குஞ்சு மிதந்தன, வெளிறிய நிறம், அரிசிக் குறுணி அளவு. எங்கோ முட்டை தப்பிப் பொரித்திருக்கிறது. தேடிப் பிடித்ததில் அம்மா பின்னேரம் இருந்து தேத்தண்ணி குடிக்கிற பிரம்புக் கதிரை, பின்னல் சட்டத்தில் இறங்குகிற துளைகளுக்குள் முட்டை ஓடுகள். அதைக் கட்டில் என்று யாரும் எண்ணவில்லை, அம்மா அதில் நித்திரை கொள்வதுண்டு என்பது மறந்துபோனது. அன்றைக்கே கதிரைக்கு நாலு கேத்தில், கட்டிலுக்கு இரண்டாம் தரம் ஐந்து கேத்தில். இரண்டாம் தரம் ஊற்றியபோது ஆச்சி வேலிக்கு இந்தப் பக்கமே வந்து நின்று, "அந்தக் கால் மூட்டுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று காட்டித் தந்தா. ஊற்றினோம், அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. கிண்ணங்களை இன்னும் எடுக்கவில்லை, தண்ணீரில் நுளம்பு வைக்காமல் இரண்டு நாளைக்கொருக்கால் மாற்றிக்கொண்டிருக்கிறேன். மருமகன் அடுத்த லீவுக்கு வரும்போது பையை வாசலிலேயே வாங்கிக் கறுப்புப் பைக்குள் போட்டுத் தகரத்தில் வைப்பதாக ஏற்பாடு.